"எவ்ளோண்ணா வைக்கணும்?": கார் டயர் காற்றழுத்தத்தின் கணக்கு

சாயங்காலம் ஆறரை மணிக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எந்த பெட்ரோல் பங்கிலாவது காற்று பிடிக்கும் இடத்தின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு கார் வந்து நிற்கும். கையில் குழாயோடு தம்பி ஒருவர் வந்து, "எவ்ளோண்ணா வைக்கணும்?" என்று கேட்பார். ஓட்டி வந்தவர் இறங்காமலே பதில் சொல்வார்: "எல்லாத்துலயும் முப்பது வச்சிடுப்பா." இன்னொருவர், "வெயில் காலம், இருபத்தெட்டு போதும்" என்பார். பாதிப் பேர், "நீயே பாத்து வைப்பா" என்று சொல்லிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்று நிமிடத்தில் கார் கிளம்பிவிடும். அந்தக் காருக்கு உரிய எண், கதவைத் திறந்தால் தெரிகிற இடத்தில், காரிலேயே ஒட்டியிருக்கிறது. கேட்டவரும் பார்ப்பதில்லை, சொன்னவரும் பார்ப்பதில்லை.

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு பத்து வருஷத்துக்கு மேல் கார் ஓட்டுகிறேன். முதல் சில வருஷங்கள் நானும் இப்படித்தான் காற்று பிடித்தேன். அதன் விலையாக முன் டயர் இரண்டையும் 22 ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றினேன். நடுவில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டங்கள், நன்றாக இருந்தது. இரண்டு ஓரமும் மொட்டை. ஓரம் தேய்ந்த டயர் என்றால் காற்று குறைவாக ஓடிய டயர். மாதம் தவறாமல் காற்று பிடித்தும் எப்படிக் குறைந்தது என்று தேடப் போய்த்தான் இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. டயர் அழுத்தம் என்பது காலை எண். வண்டி இரவெல்லாம் நின்று, டயர் ஆறி, வெயில் ஏறுவதற்கு முன் அளக்கும்போது இருக்க வேண்டிய எண். அதே எண்ணைச் சாயங்காலம், ஓடிச் சூடேறிய டயரில் வைத்தால், மறுநாள் காலையில் டயர் பட்டினி கிடக்கும்.

முதலில், காற்று அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். வண்டியைச் சுமப்பது ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் அதற்குள் ஓடும் பாலியஸ்டர், எஃகு இழைகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. ஒரு சின்ன கார் ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ என்று வையுங்கள். டயருக்கு 250 கிலோ. பங்கில் 30 பாயிண்ட் என்று சொல்கிறோமே, அந்த 30 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. 250ஐ 2.1ஆல் வகுத்தால் 119 சதுர சென்டிமீட்டர். நம் தபால் அட்டை 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம்; அதாவது 126. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் ஓடுகிற காருக்கும் தரைக்கும் இருக்கிற தொடர்பு நான்கு தபால் அட்டை அளவு இடம் மட்டுமே. பிரேக் பிடிப்பது, வளைவது, மழையில் வழுக்காமல் நிற்பது எல்லாம் அந்த நான்கு அட்டைகளின் வேலை. அந்த அட்டையின் வடிவம் சரியாக இருக்கிறதா என்பதைக் காற்றழுத்தம்தான் தீர்மானிக்கிறது.

இங்கே பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. நாலு பேர் ஏறினால் டயருக்குள் அழுத்தம் ஏறிவிடும் என்பது. அளந்து பாருங்கள், முள் அசைவதே கஷ்டம். அழுத்தம் ஏறாது, தரையில் படும் இடம்தான் பெரிதாகும். பக்கச்சுவர் அதிகமாக மடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து, அந்த உழைப்பெல்லாம் சூடாக மாறும். அதனால்தான் சுமை கூடினால் காற்றும் கூட வேண்டும் என்று கார் கம்பெனி எழுதி வைத்திருக்கிறது.

அந்த எழுத்து இருக்கும் இடம், ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு வந்து சாத்துகிற தூண். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். என் காரில் அந்த ஸ்டிக்கர் மேல் மணலி ரோட்டுத் தூசி படிந்து கிடந்தது. ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் படிக்க முடிந்தது. மேலே டயரின் அளவு. கீழே இரண்டு வரிசை. ஒன்றில் மூன்று ஆள் படம், இன்னொன்றில் ஐந்து ஆளும் ஒரு பெட்டியும். மூன்று பேர் வரை நான்கு டயரிலும் 30. ஐந்து பேரும் சாமானும் என்றால் முன்னால் 30, பின்னால் 35. ஆடி மாதத்தில் பெரியபாளையத்துக்கு வீட்டோடு கிளம்பி, டிக்கியில் பொங்கல் பானை, அடுப்பு, அரிசி என்று ஏற்றுகிறோமே, அந்தப் பயணத்துக்கான எண் இந்த இரண்டாவது வரிசைதான். அதை வைக்காமல்தான் பெரும்பாலான குடும்பங்கள் போய் வருகின்றன.

ஸ்டிக்கரில் எண் மூன்று இலக்கத்தில் இருந்தால் திகைக்க வேண்டாம். 210 என்று போட்டிருந்தால் அது கிலோபாஸ்கல், நம் கணக்கில் 30க்குக் கொஞ்சம் மேல். 2.1 என்று இருந்தால் அது பார். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ஆனால் டயரின் பக்கச்சுவரில் சின்ன எழுத்தில் பதித்திருக்கும் அழுத்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 44, 51 என்றெல்லாம் இருக்கும். அது அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. ஒரே அளவு டயரை நாலைந்து விதமான கார்களில் மாட்டுவார்கள். எந்தக் காரில் மாட்டப்போகிறார்கள் என்று டயர் செய்தவருக்குத் தெரியாது. காரின் எடை, முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு, பிரேக் போட்டால் சுமை எங்கே சாயும் என்பதெல்லாம் கார் செய்தவருக்குத்தான் தெரியும். ஆகவே "இந்த டயருக்கு எவ்வளவு" என்று கேட்காதீர்கள், "இந்தக் காருக்கு எவ்வளவு" என்று கேளுங்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம். எல்லாத் தப்பும் இங்கேதான் தொடங்குகிறது.

அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். நம் ஊர் வெப்பத்தில், 30 பிஎஸ்ஐ அளவுள்ள டயரில், 10 டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். காலையில் 28 டிகிரியில் 30 இருந்த டயர், மே மாத மதியத்தில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி வரை ஓடி உள்காற்று 30 டிகிரி கூடினால், 34ஐத் தாண்டிக் காட்டும். நான் அளந்தபோது எனக்கு 34.5 காட்டியது. இது கோளாறு இல்லை. இப்படி ஏறும் என்று தெரிந்துதான் கம்பெனி 30 என்று குறித்திருக்கிறது. ஸ்டிக்கர் எண் ஆறிய டயருக்கான எண். ஆறிய டயர் என்றால் மூன்று மணி நேரமாவது நின்ற வண்டி, அல்லது நின்ற பிறகு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டி.

இப்போது அந்த 34.5 காட்டும் டயரோடு பங்குக்குப் போய் "முப்பது வச்சிடுப்பா" என்று சொன்னால் என்ன நடக்கும்? தம்பி வால்வை அழுத்தி உஸ்ஸென்று காற்றை இறக்கி 30க்குக் கொண்டுவருவார். அவர் மேல் குற்றமில்லை, கேட்டதைச் செய்தார். மறுநாள் காலை டயர் ஆறியதும் அதில் இருப்பது 26தான். நாலு பிஎஸ்ஐ பள்ளம். அடுத்த மாதமும் இதே சாயங்காலம், இதே கதை. என் முன் டயர்களின் ஓரம் தேய்ந்த ரகசியம் இதுதான். நான் ஒழுங்காகக் காற்று பிடித்துப் பிடித்தே குறைத்துக்கொண்டிருந்தேன்.

"வெயில் காலத்துல காத்து கம்மியா வை, இல்லேன்னா டயர் வெடிச்சிடும்" என்ற பேச்சு நம் பக்கம் வேரூன்றிப் போயிருக்கிறது. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இது நேர் தலைகீழ். நல்ல டயர் நாலைந்து பிஎஸ்ஐ கூடுவதால் வெடிப்பதில்லை. தன் உச்ச வரம்புக்குக் கீழேதான் அது இருக்கிறது. வெடிக்க வைப்பது சூடு. சூட்டைக் கிளப்புவது மடங்கல். மடங்க வைப்பது குறைந்த காற்று. வெயிலில் காற்றைக் குறைத்துவிட்டு நெடுஞ்சாலையில் 100இல் போகிறவர், எரிகிற அடுப்பில் இன்னும் இரண்டு விறகு வைக்கிறார். சென்னை 2003 மே 31இல் 45 டிகிரி பார்த்த ஊர். அந்த வெயிலில் தார்ச்சாலை அதைவிடக் கொதிக்கும். இங்கே டயருக்குச் சரியான காற்று வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல்பட்டை பிரிந்து, வண்டி உருண்டு, 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டயரின் வடிவமைப்பு, தயாரிப்பு, வண்டியின் உயரம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அவற்றில் ஒன்று, அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த 26 பிஎஸ்ஐ என்ற தாழ்ந்த எண். விபத்துகள் குவிந்த இடங்கள் டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா: வெயில் மாநிலங்கள். குறைந்த காற்றும் வெயிலும் சுமையும் வேகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. அதன் பிறகுதான் அங்கே சட்டம் வந்தது. புது கார்களில் டயர் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும் கருவி கட்டாயமானது.

வட சென்னையின் குறுகலான தெருக்களில் இன்னொரு நுட்பம் உண்டு. கொருக்குப்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ வீட்டு வாசலில் நிறுத்தும் காருக்குக் காலை வெயில் ஒரு பக்கம்தான் விழும். எட்டரை மணிக்கு அளந்தால் வெயில் பட்ட பக்கத்து டயர்கள் இரண்டும் நிழல் பக்கத்தைவிட ஒன்று, ஒன்றரை கூடவே காட்டும். அதை நம்பி வெயில் பக்கத்தில் காற்றை இறக்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே விடிந்ததும் அளந்துவிடுங்கள். பால் வாங்கப் போகிற நேரம்தான் சரியான நேரம்.

"பங்கு காலையில் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கே, ஓட்டிக்கிட்டுத்தானே போகணும்" என்று கேட்கலாம். அதற்கு வழி இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு, காற்றழுத்தம் அளக்கும் ஒரு கையளவு கேஜ் வாங்குங்கள். வீட்டு வாசலில் நான்கு டயரையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் எண் 30, இடது பின் டயர் 27 என்றால் குறை மூன்று. பங்குக்குப் போனதும் அவர்கள் மீட்டரில் அந்த டயர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 29 காட்டினால் 32 வைக்கச் சொல்லுங்கள். அதாவது காட்டும் எண்ணோடு குறையைக் கூட்டினால் போதும். சூட்டால் கூடியதும் அடிபடும், பங்கு மீட்டர் ஒன்றிரண்டு தப்பாகக் காட்டினாலும் பெரும்பாலும் அடிபடும். தினம் நூறு தடவை தரையில் விழுகிற மீட்டர் அது. எந்தக் கேஜைப் பயன்படுத்தினாலும் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். வீட்டிலேயே நிரப்ப கால் பம்போ, கார் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரசரோ இருந்தால் இந்தக் கணக்கும் தேவைப்படாது.

அளக்கும் விதத்தைக் கிட்டத்தில் இருந்து சொல்கிறேன். வால்வு மூடியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள், தரையில் வைத்தால் உருண்டு சாக்கடைக்குப் போய்விடும். கேஜின் வாயை வால்வின் மேல் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சாய்த்து வைத்தால் உஸ்ஸென்று சத்தம் வரும், முள் குறைத்துக் காட்டும். சத்தம் நின்ற நிலையில் வரும் எண்தான் எண். இரண்டு முறை அளந்து இரண்டும் ஒத்துப்போனால் நம்புங்கள். விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் வால்வின் உள்ளே இருக்கும் ஊசி கசிகிறது. பஞ்சர் கடைக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிற சோதனை இது. மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். உலகம் முழுக்க கார், பைக், லாரி எல்லாவற்றிலும் இருக்கும் இந்த வால்வு, 1893இல் அமெரிக்காவில் ஷ்ரேடர் என்பவரின் பெயரில் காப்புரிமை பெற்றது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. அதைக் கெடுப்பது பெரும்பாலும் உள்ளே போகும் மண்ணும் ஈரமும்தான்.

கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது பழைய டயர் காலத்துப் பழக்கம். இப்போதைய ரேடியல் டயர் சரியான காற்றிலேயே அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். 30க்கும் 23க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது கிளீனர் இறங்கி இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். டங் என்று வந்தால் காற்று இருக்கிறது, தொம் என்று வந்தால் இல்லை. அது 100 பிஎஸ்ஐக்கு மேல் நிற்கும் இரட்டை டயர்களில் ஒன்று மொத்தமாக இறங்கிவிட்டதா என்று அறிவதற்கான தேர்ந்த காது. கார் டயரில் நாலு பாயிண்ட் குறைவை அந்தக் காதாலும் பிடிக்க முடியாது, காலால் உதைத்தும் பிடிக்க முடியாது.

லாரி பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நாட்டின் பெரிய டயர் கம்பெனிகளில் ஒன்றான எம்ஆர்எஃப், 1946இல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கியதில் இருந்து வந்தது. அந்த மூன்று எழுத்தில் இருக்கும் எம் மெட்ராஸ்தான். காற்றை ரப்பருக்குள் அடைக்கிற தொழில் பலூனாகத் தொடங்கியது இந்த மண்ணில். பக்கத்திலேயே என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட். தலைமுறை தலைமுறையாக ரப்பரோடும் சக்கரத்தோடும் வேலை பார்த்த குடும்பங்கள் வாழும் பகுதி இது. இங்கே டயர் காற்றைப் பற்றி இவ்வளவு அசட்டை இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஏனென்றால் டயரைச் சோதிக்கிற எல்லாமும் இங்கே இருக்கின்றன. காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கடல் காற்று. அந்த உப்பு இரும்பு ரிம்மின் விளிம்பில் துருவாக ஏறும். டியூப்லெஸ் டயர் ரிம்மோடு ஒட்டி நிற்பதே அந்த விளிம்பில்தான். அங்கே துரு செதில் செதிலாகக் கிளம்பினால் அதன் வழியே காற்று தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஆணி தேடினால் கிடைக்காது. அலாய் ரிம்மிலும் வெள்ளையாகப் பூத்து இதே வேலையைச் செய்யும். அடுத்து ரோடு. கன்டெய்னர் வண்டிகள் ஓடும் சாலையில் பள்ளம் இல்லாத நாள் கிடையாது. காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது, ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கி உள்ளே இழைகள் அறுந்துபோகும். சில நாளில் அந்த இடத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம் கிளம்பும். அதற்கு ஒட்டு கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது அடியில் என்ன பள்ளம் என்று யாருக்குத் தெரியும்?

மழையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொட வேண்டும். வேகம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீர் விலக நேரம் இல்லாமல் டயர் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேலை செய்யாது. 1960களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களை வைத்து ஆராய்ந்து, இந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டது. அந்தக் கணக்கின்படி 30 பிஎஸ்ஐ டயர் மணிக்கு 91 கிலோமீட்டர் வாக்கில் மிதக்கும், 20 பிஎஸ்ஐ டயர் 74லேயே. கார் டயரில் பட்டனின் ஆழம், தண்ணீரின் ஆழம் எல்லாம் இந்த எண்களை மாற்றும். ஆனால் திசை மாறாது: காற்று குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும். நவம்பர் மழையில் புழல் தாண்டி வேகம் எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரோடு கார் ஓட்டுவது சட்டப்படியே தவறு.

எதிர்ப் பக்கத் தவறும் உண்டு. மைலேஜ் கிடைக்கும் என்று 40 வைக்கிறவர்கள். காற்று குறைந்தால் பெட்ரோல் கூடச் செலவாகும் என்பது உண்மை. நான்கு டயரிலும் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் 0.2 சதவீதம் மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அதற்காக ஸ்டிக்கர் எண்ணுக்கு மேலே ஏற்றிக்கொண்டே போனால் தபால் அட்டை சுருங்கும், நடுப் பட்டன் தேயும், ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் இடிக்கும். புதுக் காரை டெலிவரி எடுக்கும்போதும் அளந்து பாருங்கள். கப்பலிலும் ட்ரக்கிலும் நாள் கணக்கில் நிற்கும்போது டயர் தட்டையாகாமல் இருக்க, கூடுதல் காற்றோடு அனுப்புவது வழக்கம். ஷோரூமில் அதைக் குறைத்திருக்க வேண்டும். சில நேரம் விட்டுப்போகும்.

சாதாரணக் காற்றுக்குப் பதிலாகக் காசு கொடுத்து நிரப்பும் நைட்ரஜன் பற்றி இரண்டு வரி போதும். நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க இதழ், ஓடாமல் வைத்திருந்த டயர்களில் 30 பிஎஸ்ஐ நிரப்பி ஒரு வருஷம் கழித்து அளந்தது. காற்று 3.5 குறைந்தது, நைட்ரஜன் 2.2 குறைந்தது. வருஷத்துக்கு 1.3 வித்தியாசம். தெருவில் ஓடுகிற வண்டியில் வால்வு, ரிம் விளிம்பு எல்லாம் சேர்த்து மாதம் ஒரு பிஎஸ்ஐ போவது சகஜம். நைட்ரஜன் நிரப்பினாலும் மாதம் ஒருமுறை அளக்கத்தான் வேண்டும், சூடானால் அதுவும் காற்று ஏறுகிற மாதிரியேதான் ஏறும். இலவசமாகக் கிடைப்பதே போதும்.

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி அது எரிய வேண்டியது கால் பங்கு காற்று குறைந்த பிறகு. 32 வேண்டிய டயர் 24க்கு வரும் வரை எரியாமலே இருக்கலாம். சில கார்களில் டயருக்குள் கருவியே கிடையாது; சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டு ஊகிக்கும். நான்கும் ஒன்றாகக் குறைந்தால் அதற்குத் தெரியாது.

பாவம், ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. வேல்ஸ் நாட்டில் லனெலி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவீஸ் சகோதரர்கள் 1904இல் விற்கத் தொடங்கிய உபரிச் சக்கரத்தின் பெயர் அது. அங்கே மறந்துபோன பெயரை நம் பஞ்சர் கடைகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. டிக்கிக்கு அடியில் அது மாதக்கணக்கில் காற்றை இழந்துகொண்டே கிடக்கும். ராத்திரி பத்து மணிக்கு சோழவரம் பக்கம் கழற்றி மாட்டிய பிறகு அதுவும் சப்பை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? நான்கை அளக்கும் நாளில் ஐந்தாவதையும் அளந்து, முழுச்சுமைக்கான எண்ணையே அதில் வைத்துவிடுங்கள். இறக்குவது எளிது, நடுரோட்டில் ஏற்றுவதுதான் கஷ்டம். உங்கள் ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிட ஒல்லியாக இருந்தால் அதற்கு 60 பிஎஸ்ஐ வரை தேவைப்படலாம், அதன் மேலேயே எழுதியிருக்கும்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலை அளந்து, டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கிறேன். போன வருஷம் தையில் அந்த நோட்டில் ஒரு டயரின் வரிசை மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்ற மூன்றும் 30, 30, 29.5 என்று வர, இடது பின் டயர் 30, 28, 26. நிரப்பிய பிறகு திரும்ப 28. பார்வைக்கு ஒன்றுமில்லை. எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் மெல்லச் சுற்றினார். பட்டனில் குமிழி இல்லை, வால்விலும் இல்லை. ரிம் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் சின்னச் சின்னதாக, சோடா மாதிரி, வந்துகொண்டே இருந்தது. "ஆணி இல்ல தம்பி, உப்புக் காத்து. ரிம்மு துரு புடிச்சிடுச்சு" என்றார். டயரைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் அந்த விளிம்பைப் பளபளவென்று வரும் வரை தேய்த்து, துடைத்து, சீலன்ட் தடவித் திரும்ப மாட்டினார். அடுத்த ஞாயிறு காலை அளந்தேன், 30. அதற்கடுத்த ஞாயிறும் 30.